முதற் பாஷை எது?

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் விடைத்தாள் கட்டு ஒன்றை மடியில் வைத்துக் கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உபாத்தியாயர் வீட்டுத் திண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது என்பது நேயர்கள் அறிந்த விஷயந்தான். அன்றும் அப்படியே ஆயிற்று. அடுத்த தெருவில் தையல் வேலை செய்து ஜீவனம் நடத்தும் அம்மாள் ஒருவர் தம் மகனையும் அழைத்துக் கொண்டு வந்து சேர்ந்தார். பையன் என்னிடம் கணக்குப் படித்தவன். இவ்வருஷம் பத்தாம் வகுப்பில் தேறியிருக்கிறான். அம்மாளின் கையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, வர்ணப் படங்கள் அச்சிட்ட வழவழப்பான விளம்பரத் தாள். மற்றொன்று, முடிச்சுப் போட்ட கைக்குட்டை.

விளம்பரத்தை வாங்கிப் படித்தேன். ஆறே மாதத்தில் ஐந்து கம்ப்யூட்டர் பாஷைகளைக் கற்பித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சான்றிதழும் அளித்து, பையனை மகா நிபுணனாக ஆக்கி விடுவதாக ஒரு பயிற்சி நிலையத்தார் வாக்களித்திருந்தார்கள். கட்டணம் 30,000 ரூபாய். கைக்குட்டையில் என்ன இருக்கிறதென்று நான் கேட்கவில்லை. அம்மாளே அவிழ்த்துக் காட்டினார். இரண்டு வளையல்கள்.

"இதை அடகு வைத்துப் பணத்தைக் கட்டி விடுகிறேன், ஸார். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஐந்து பாஷை என்கிறார்களே, அவற்றில் எதை முதலில் படித்தால் பிள்ளை பிழைத்துக் கொள்வான்? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

கேள்வி சுலபமானதுதான். பதில்தான் சுலபமானதன்று. "பைதான்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் அந்த வளையல்கள் அன்று மாலையே அடகுக் கடைக்குப் போயிருக்கும். ஆகவே, "அம்மா, உட்காருங்கள். தம்பி, நீயும் உட்கார். இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகப் பேசுவோம்" என்றேன். அன்று பேசியதையே இந்த வாரம் நேயர்களுக்கும் சொல்ல உத்தேசம். ஏனெனில் இதே கேள்வியோடு தவிக்கும் தாய் தந்தையர் தமிழ்நாட்டில் பல்லாயிரம் பேர் இருக்க வேண்டும்.

* * *

முதலில் என் சொந்தக் கதையைச் சொல்லி விடுகிறேன். அது மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக உதவும்.

நான் பி.எஸ்ஸி. வகுப்பில் கணிதம் படித்த காலத்தில் 'ஃபார்ட்ரான்' என்னும் கம்ப்யூட்டர் பாஷை எங்களுக்குப் பாடமாக இருந்தது. கல்லூரியில் இருந்த கம்ப்யூட்டர்களோ சில, மாணவர்களோ பலர். எனவே புரோகிராம்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக் கொண்டு, சகஸ்ரநாமம் உருப்போடுவது போல் உருப்போட்டோம். பன்னிரண்டு புரோகிராம்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பரீட்சையில் 91 மார்க் வாங்கினேன். பிறகு ஒரு நாள் சிநேகிதர் ஒருவர், "எங்கள் மளிகைக் கடைக் கணக்கைக் கூட்டுவதற்குச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடேன்" என்று கேட்டார். அவருடைய கணக்கு அந்தப் பன்னிரண்டில் இல்லை. விழித்தேன். 91 மார்க் வாங்கிய எனக்கு அந்தப் பாஷையில் ஒரு வாக்கியங்கூடச் சொந்தமாகப் பேசத் தெரியவில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

நான் கற்றது பாஷையின் எழுத்துக்களை. அதனால் சொல்ல வேண்டிய கருத்தை அல்ல. இந்த வித்தியாசம் புலப்படாமல் போனால், ஐந்து பாஷை அல்ல, ஐம்பது பாஷை கற்றாலும் என் கதைதான்.

* * *

கம்ப்யூட்டர் பாஷை என்பது என்ன?

யந்திரத்துக்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள்தான்: மின்சாரம் உண்டு, இல்லை. அவற்றை 1 என்றும் 0 என்றும் குறிக்கிறோம். ஆதியில் இந்த யந்திரங்களை வேலை வாங்கியவர்கள் எண்களையே வரிசை வரிசையாக எழுதித் திண்டாடினார்கள். அந்தச் சிரமத்தைத் தீர்ப்பதற்காக, மனிதர் எழுதுவதற்கு வசதியான ஒரு பாஷையை வகுத்து, அதை யந்திரத்தின் எண்களாக மாற்றும் வேலையை யந்திரத்திடமே விட்டு விட்டார்கள். அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த ஜான் பாக்கஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1957-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஃபார்ட்ரான் இவ்வகையில் புகழ் பெற்ற முதல் பாஷைகளுள் ஒன்று. என்னை விழிக்க வைத்தது அதுவேதான்.

அதன் பிறகு பாஷைகள் பெருகின. 1964-ல் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்னும் இரு கணித ஆசிரியர்கள், விஞ்ஞானம் படிக்காத மாணவர்களுங்கூடக் கற்பதற்காக 'பேசிக்' என்ற பாஷையை அமைத்தார்கள். 1970-ல் ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த நிக்லாஸ் வீர்த், ஒழுங்காக எழுதும் பழக்கத்தை மாணவர்களுக்கு ஊட்டும் பொருட்டுப் 'பாஸ்கல்' பாஷையைச் செய்தார். 1972-ஐ ஒட்டிப் பெல் ஆராய்ச்சிச் சாலையில் டென்னிஸ் ரிட்சி 'ஸி' என்னும் ஓரெழுத்துப் பாஷையை உண்டாக்கினார். 1991-ல் ஹாலந்து தேசத்தவரான கீடோ வான் ராஸம் 'பைதான்' பாஷையை வெளியிட்டார். பெயரைக் கேட்டு மலைப்பாம்பென்று யாரும் அஞ்ச வேண்டாம். ஆங்கில நாட்டு ஹாஸ்ய நாடகக் குழு ஒன்றின் பெயரிலிருந்து அவர் எடுத்துக் கொண்டது அது. 1995-ல் 'ஜாவா'வும் 'ஜாவாஸ்கிரிப்ட்'டும் பிறந்தன. பெயர் ஒற்றுமையைத் தவிர இவ்விரண்டுக்கும் உறவு மிகவும் சொற்பம்.

இவற்றில் முதலில் கற்க வேண்டியது எது என்ற சண்டையும் பழையதுதான். 1975-ல் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர் ஒரு குறிப்பு எழுதினார். முதலில் பேசிக் கற்ற மாணவர்களுக்கு நல்ல முறையில் புரோகிராம் எழுதக் கற்பிப்பது அநேகமாக நடவாத காரியம் என்று அதில் அடித்துச் சொன்னார். பெரியவர் வாக்கு. ஆயினும் பின்னால் நடந்தது என்ன? ஃபின்லாந்து தேசத்தில் ஒரு சிறுவன் தன் பாட்டனாரிடமிருந்த சிறிய கம்ப்யூட்டரில் அந்தப் பேசிக்கைத்தான் முதன் முதலில் கற்றான். லைனஸ் டார்வால்ட்ஸ் என்ற அந்தச் சிறுவன் வளர்ந்து, 1991-ல் 'லினக்ஸ்' என்ற அமைப்பை எழுதத் தொடங்கினான். உலகத்தின் பெரிய பெரிய கம்ப்யூட்டர்களெல்லாம் இன்று அதன் மேல்தான் ஓடுகின்றன.

ஆகவே, முதற் பாஷை தவறிப் போனால் பிழைப்பே போயிற்று என்ற பயம் வேண்டியதில்லை. முதலில் மிதித்தது ஆண் சைக்கிளா பெண் சைக்கிளா என்பதைப் பொறுத்தா ஒருவன் பிற்காலத்தில் சைக்கிள் ஓட்டுகிறான்? தள்ளாடாமல் நிற்கக் கற்றானா என்பதுதான் கேள்வி.

* * *

அம்மாள் பொறுமையாகக் கேட்டுக் கொண்டிருந்தார். பையனுடைய முகத்தில் மட்டும், 'ஸார் வழக்கம் போல் பிரசங்கத்தை ஆரம்பித்து விட்டார்' என்ற பாவம் தெரிந்தது. எனவே பிரசங்கத்தை நிறுத்தி விட்டு, மடியிலிருந்த கட்டை எடுத்தேன். அதன் மேல் நாற்பது பிள்ளைகளின் மார்க்குகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன்.

"தம்பி, இதில் மிகப் பெரிய மார்க் எது?"

ஒரு பார்வை பார்த்தான். "97, ஸார்."

"எப்படிக் கண்டுபிடித்தாய்?"

"பார்த்தேன், தெரிந்தது."

"யந்திரத்துக்கு அப்படிப் 'பார்க்க'த் தெரியாது, அப்பா. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் அதனால் பார்க்க முடியும்" என்று சொல்லி, இன்னொரு வகுப்பின் மார்க் தாளை எடுத்தேன். அதன் மேல் பழைய பத்திரிகைத் தாளை வைத்து மூடி, ஒரே ஒரு எண் தெரியும்படி துவாரம் செய்தேன். "இப்போது தாளை நகர்த்திக் கொண்டே போகிறேன். ஒவ்வொரு மார்க்காகத்தான் தெரியும். கடைசியில் பெரிய மார்க்கை நீ சொல்ல வேண்டும்."

54 வந்தது. 38 வந்தது. 71 வந்தது. 66 வந்தது. பையனுடைய உதடுகள் அசைந்தன. நாற்பதும் முடிந்ததும், "93" என்றான். சரியான விடை.

"இப்போது மனத்துக்குள் என்ன செய்தாய் என்று சொல்."

கொஞ்சம் யோசித்து விட்டுச் சொன்னான்: "இதுவரை வந்ததில் பெரியது எதுவோ, அதை ஞாபகம் வைத்துக் கொண்டேன், ஸார். புதிதாக வருவது அதை விடப் பெரியதாக இருந்தால் பழையதை விட்டு விட்டுப் புதியதை ஞாபகம் வைத்துக் கொண்டேன். இல்லாவிட்டால் சும்மா இருந்தேன். கடைசி வரையில் அப்படியே."

நேயர்களே, புரோகிராம் எழுதும் கலையின் அஸ்திவாரம் முழுவதும் அந்தப் பையன் சொன்ன நாலு வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது. பிரித்துக் காட்டுகிறேன்.

'இதுவரை பெரியது' என்று மனத்தில் ஓர் இடம் ஒதுக்கி, அதற்கு ஒரு பெயரும் வைத்து, அதில் ஓர் எண்ணைப் போட்டு வைத்தான் அல்லவா? அதுதான் மாறி. டப்பாவின் மேல் 'பருப்பு' என்று எழுதி ஒட்டுவது போல. டப்பா ஒன்றே, உள்ளேயிருக்கும் அளவு மாறிக் கொண்டே இருக்கும்.

'பெரியதாக இருந்தால் இது, இல்லாவிட்டால் அது' என்றான். அதுதான் நிபந்தனை.

'கடைசி வரையில் அப்படியே' என்றான். அதுதான் சுழற்சி. நாற்பது மார்க்குக்கு நாற்பது தடவை கட்டளை எழுத வேண்டியதில்லை. ஒரு தடவை எழுதி, மறுபடியும் செய் என்று சொன்னால் போதும். நாற்பதுக்கு எழுதியது நாலு லட்சத்துக்கும் ஆகும்.

இவற்றை முன்பின் மாறாமல் அடுக்கியதுதான் வரிசை. புதிய எண்ணைப் பார்க்கும் முன்பே அதைப் பழையதோடு ஒப்பிட முடியாது அல்லவா?

இப்படி ஒரு காரியத்தைத் தீர்மானமான படிகளாக வகுப்பதற்கு 'அல்காரிதம்' என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்ற கணித அறிஞரின் பெயர் திரிந்து உண்டான சொல் அது. நம் இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையை விளக்கி அவர் எழுதிய நூல் லத்தீனுக்குப் போயிற்று. அதன் வழியாகத்தான் அவருடைய பெயர் ஐரோப்பாவில் கணக்கு முறைக்கே பெயராக நிலைத்தது. ஆக, அந்தச் சொல்லின் வேரில் நம் தேசத்து மண்ணும் கொஞ்சம் ஒட்டிக் கொண்டிருக்கிறது.

* * *

நிற்க. பையனை அத்துடன் விட்டு விடவில்லை. "ஆரம்பத்தில், முதல் மார்க்கைப் பார்ப்பதற்கு முன்னால், உன் டப்பாவில் என்ன இருந்தது?" என்று கேட்டேன்.

"ஒன்றும் இல்லை, ஸார். பூஜ்யம்."

"நல்லது. மார்க்குக்கு அது போதும். இப்போது வேறு கணக்கு. லடாக்கில் திராஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஜனவரி மாதத்து இரவுகளில் அங்கே குளிர் பூஜ்யத்துக்கு வெகு கீழே போய் விடும். ஒரு வாரத்துக் குளிரளவைச் சும்மா வைத்துக் கொள்வோம்: கழித்தல் 12, கழித்தல் 20, கழித்தல் 7, இப்படி. இவற்றில் பெரியது எது? உன் முறைப்படியே செய்."

செய்தான். கழித்தல் 12 பூஜ்யத்தை விடப் பெரியதா? இல்லை. கழித்தல் 20? இல்லை. கழித்தல் 7? இல்லை. கடைசியில் டப்பாவைத் திறந்தால் பூஜ்யமே உட்கார்ந்திருந்தது. அந்த வாரத்தில் பூஜ்யம் என்ற அளவே கிடையாது! பையன் திகைத்தான். முறை சரி, விடை தப்பு. எங்கே கோளாறு?

பையன் பூஜ்யத்துக்குப் பதில் கழித்தல் 100 என்று வைத்துப் பார்க்கலாமா என்றான். "அதற்கும் கீழே ஓர் எண் வந்தால்?" என்றேன். மறுபடியும் திகைத்தான்.

அப்போது அதுவரை பேசாமலிருந்த அம்மாள் வாயைத் திறந்தார். "நான் சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது, ஸார். என்னிடம் ஒரு கட்டுத் துணி வந்தால், எது நீளமான துண்டு என்று பார்ப்பதற்கு வெறுங்கையோடு ஆரம்பிக்க மாட்டேன். முதல் துண்டையே அளவாகக் கையில் எடுத்துக் கொள்வேன். மற்றதை அதோடு வைத்துப் பார்ப்பேன். இதற்கும் முதலில் வந்த எண்ணையே டப்பாவில் போட்டு விட்டால் என்ன?"

எனக்கு எழுந்து நின்று கை கூப்பலாம் போலிருந்தது. இந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள் செய்யும் திருத்தம் அதுவேதான். கல்லூரியில் 91 மார்க் வாங்கிய நான், அந்த நாளில் அந்தக் கோளாற்றைக் கண்டுபிடித்திருப்பேனா என்பது சந்தேகமே.

"அம்மா, இன்னொன்றும் கேட்கிறேன். உங்களிடம் வேலை செய்யும் பெண்ணிடம் 'காஜா எடு' என்று மட்டும் சொல்வீர்களா, அல்லது ஊசியில் நூல் கோப்பதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்வீர்களா?"

"ஒரு தடவை கற்றுக் கொடுத்தால் போதுமே, ஸார். அப்புறம் 'காஜா எடு' என்றால் எடுத்து விடுவாள்."

"அதற்குத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் 'ஃபங்ஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு வேலையின் படிகளை ஒரு தடவை எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்து விட்டால், பிறகு பெயரைச் சொன்னால் போதும்."

பையன் தாயாரை ஏற இறங்கப் பார்த்தான். அந்தப் பார்வை அன்றைய தினத்துக்கு எனக்குக் கிடைத்த சம்பளம்.

* * *

சரி, இத்தனையும் எந்தப் பாஷை? எந்தப் பாஷையும் இல்லை, தமிழ்தான். மாறி, நிபந்தனை, சுழற்சி, வரிசை, பெயரிட்ட வேலை, கோளாறு திருத்தல் ஆகிய இவை எல்லாப் பாஷைகளிலும் உண்டு. ஒன்றில் நன்றாகக் கற்றவன் மற்றொன்றுக்குப் போகும்போது பெரும்பாலும் எழுத்து முறைதான் மாறுகிறது. ஐந்தை ஆறு மாதத்தில் விழுங்க முயல்பவனுக்கோ எதுவும் ஜீரணமாவதில்லை.

இருந்தாலும் எதையாவது ஒன்றைப் பிடித்துத்தானே ஆரம்பிக்க வேண்டும்? என் அபிப்பிராயத்தில் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பைதான் ஏற்றது. காரணங்களையும் சொல்லி விடுகிறேன்.

முதலாவது, அது இனாம். எந்தக் கம்ப்யூட்டரிலும் காசு கொடுக்காமல் ஏற்றிக் கொள்ளலாம். சாதாரணக் கைபேசியில் கூட எழுதிப் பார்க்கலாம்.

இரண்டாவது, சொன்னதற்கு உடனே பதில் சொல்லும். ஒரு வரி எழுதினால் ஒரு வரிக்கு விடை வரும். ஸி பாஷையிலோ முழுவதையும் எழுதி, யந்திர பாஷைக்கு மாற்றி, பிறகே ஓட்ட வேண்டும். ஒவ்வொரு டப்பாவிலும் இன்ன வகைச் சரக்குத்தான் வைப்பேன் என்று முன்கூட்டியே பிரமாணமும் செய்து கொடுக்க வேண்டும். அதனால் ஸி மட்டமென்று அர்த்தமில்லை. யந்திரத்தின் உள்ளே நினைவகம் எப்படி அமைந்திருக்கிறது என்று அறிய விரும்புகிறவனுக்கு அதைப் போல் நல்ல குரு இல்லை. ஆனால் குருவிடம் போகும் முன்பு கொஞ்சம் நடை பழகிக் கொள்ளலாம் அல்லவா?

மூன்றாவது காரணம் தமிழில் படித்த பிள்ளைகளுக்கு மிக முக்கியமானது. "எனக்கு ஆங்கிலம் வராதே, ஸார்" என்று பையன் மெல்லச் சொன்னான். அவன் மனத்தை உறுத்திக் கொண்டிருந்தது அதுதான் என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. பைதான் பாஷையில் ஒதுக்கி வைத்த ஆங்கிலச் சொற்கள் 35 மாத்திரமே. ஆரம்பத்தில் அவற்றிலும் பத்துப் பன்னிரண்டு போதும். ஐந்தாம் வகுப்பில் ஒரு வாரத்தில் எழுதிப் பழகிய ஆங்கிலச் சொற்கள் இதைவிட அதிகம்! தப்புச் செய்தால் யந்திரம் ஆங்கிலத்தில் முறையிடும் என்பது மெய்யே. ஆனால் அந்த முறையீடுகளும் திரும்பத் திரும்ப வரும் சில வாக்கியங்கள்தான். பத்து நாளில் பழகி விடும்.

தமிழ்ச் சொற்களைக் கொண்டே எழுதும் பாஷையும் ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. முத்தையா அண்ணாமலை என்னும் தமிழர் அதை அமைத்து, 'எழில்' என்று அழகிய பெயரும் சூட்டியிருக்கிறார். நம் பையன் மனத்துக்குள் செய்த நிபந்தனையை அதில் இப்படி எழுதலாம்:

@( மார்க் > பெரிது ) ஆனால்
    பெரிது = மார்க்
முடி

எழுதிக் காட்டியதும் அம்மாள் அதை எழுத்துக் கூட்டிப் படித்து, "இது எனக்கே புரிகிறதே!" என்றார். புரியத்தான் வேண்டும். உத்தியோக உலகம் எழிலில் நடக்கவில்லை. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆனால் கருத்தைத் தாய்மொழியில் கற்றுக் கொண்டு, பிறகு அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை அதன் மேல் பொருத்துவதில் என்ன தடை? சொல்லை முதலில் உருப்போட்டுக் கருத்தைப் பிறகு தேடிய என்னைப் போன்றவர்களின் வழியை விட அது எவ்வளவோ மேல்.

* * *

பைதானில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஸீமோர் பாப்பர்ட் முதலியோர் குழந்தைகளுக்காக 'லோகோ' என்றொரு பாஷையை அமைத்தார்கள். அதிலே ஓர் ஆமை. 'நூறு அடி முன்னே போ', 'வலப்புறம் தொண்ணூறு பாகை திரும்பு' என்று கட்டளையிட்டால் ஆமை போகும். போன வழியெல்லாம் கோடு விழும். இந்த இரண்டு கட்டளைகளையும் நாலு தடவை திருப்பிச் செய் என்றால் ஒரு சதுரம். அந்தச் சதுரத்தைப் பத்துப் பாகை திருப்பித் திருப்பி முப்பத்தாறு தடவை வரைந்தால் ஓர் அழகான பூ! பைதானுடன் அந்த ஆமையும் இனாமாகவே வருகிறது.

இதைச் சொன்னதும் அம்மாள், "மார்கழிக் கோலம் மாதிரி இருக்கிறதே" என்றார். இது வெறும் உவமையன்று. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி என்பவரும், ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரும் நம் வீட்டு வாசல்களில் போடும் கோலங்களின் விதிகளை ஆராய்ந்து, அவற்றைக் கம்ப்யூட்டர் பாஷைகளின் இலக்கணத்தோடு இணைத்து 1974-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் மதிக்கப் பெற்ற ஆராய்ச்சி அது. புள்ளி வைத்து, வரிசை பிசகாமல், ஒரே சுழிப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கோலத்தை முடிக்கும் நம் பெண்மக்களுக்குச் சுழற்சி என்றால் என்னவென்று புதிதாகவா கற்றுக் கொடுக்க வேண்டும்?

* * *

கடைசியாகப் பையன் ஒரு கேள்வி கேட்டான். இக்காலத்துப் பிள்ளை அல்லவா? "சாட்ஜிபிடி போன்ற யந்திரங்களே இப்போது புரோகிராம் எழுதி விடுகின்றனவே, ஸார். நான் எதற்காகப் படிக்க வேண்டும்?"

2022-ஆம் ஆண்டின் இறுதியில் அது வெளிவந்தது முதல் இந்தக் கேள்வியை நானும் பல தடவை எனக்குள் கேட்டுக் கொண்டதுண்டு. அது எழுதுகிறது என்பது உண்மை. பல சமயம் நன்றாகவே எழுதுகிறது என்பதும் உண்மை. ஆனால் பூஜ்யத்தில் ஆரம்பித்து எழுதிய முறை மார்க்குக்குச் சரியாகவும் திராஸ் குளிருக்குத் தப்பாகவும் இருந்ததே, அதை எது கண்டுபிடித்தது? துணியை அளந்து பழகிய அறிவு கண்டுபிடித்தது. யந்திரம் எழுதிக் கொடுத்ததை வாங்கிக் கொண்டு, 'இது எந்த இடத்தில் தவறும்?' என்று கேட்கத் தெரிந்தவனுக்கு அது வேலைக்காரன். கேட்கத் தெரியாதவனுக்கு அது எஜமானன். ஆகவே, முன்னை விட இப்போதுதான் அடிப்படைக் கருத்துக்களைச் செவ்வையாகக் கற்பது அவசியமாகியிருக்கிறது.

பிறகு விளம்பரத் தாளை மடித்துக் கொடுத்தேன். "அம்மா, தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2018, 2019 ஆண்டுகளில் வெளியிட்ட மேனிலை வகுப்புப் புத்தகங்களில் பதினோராம் வகுப்புக்கு ஸி பிளஸ் பிளஸ்ஸும், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைதானும் கணினி அறிவியல் பாடமாக வைத்தார்கள். தமிழிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பையன் அந்தப் பிரிவில் சேரட்டும். அதுவரையில், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வரட்டும். என் பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மாதான் கிடக்கிறது. ஆறு மாதம் பார்ப்போம். அப்போதும் வகுப்பில் சேர்க்க வேண்டுமென்று உங்களுக்குத் தோன்றினால், வளையல் எங்கே ஓடிவிடப் போகிறது?" என்றேன்.

அம்மாள் சிறிது நேரம் பேசவில்லை. "பணம் கட்டாமல் படித்தால் பிள்ளை சரியாகப் படிப்பானோ என்று பயமாக இருக்கிறது, ஸார்" என்றார்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பையன்தான், "படிப்பேன், அம்மா" என்றான். அம்மாள் கைக்குட்டையை மறுபடியும் முடிச்சுப் போட்டுக் கொண்டார்.

* * *

இந்த ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். தாயாரின் தையல் கணக்கு நோட்டைக் கையோடு கொண்டு வந்திருந்தான். யார் யார் எவ்வளவு பாக்கி என்று கூட்டிச் சொல்வதற்குத் தானே ஒரு புரோகிராம் எழுத முயன்றானாம். பத்து வரி இருக்கும். ஓட்டிப் பார்த்தால், எங்கள் தெருவில் ஒரு வீட்டார் அவன் தாயாருக்குக் கழித்தல் 250 ரூபாய் தர வேண்டுமென்று வந்தது!

"கோளாறு எங்கே என்று தெரிந்ததா?" என்று கேட்டேன்.

"நான் இரண்டு மணி நேரம் தேடினேன், ஸார். அம்மா நோட்டைப் பார்த்ததும் சொல்லி விட்டார்கள். கோளாறு ஒன்றுமில்லையாம். அந்த வீட்டார் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். துணிதான் இன்னும் தைக்கவில்லையாம்."

அந்த வீடு எங்கள் வீடுதான். முன்பணம் கொடுத்ததை நான் மறந்தே போயிருந்தேன்.